தஹ்ரானில் இறந்த 28 பேர் யார்? ஒரு பொறியியல் மாணவரின் கேள்விக்கு விரிவான பதில்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் (கணினியில் தோராயமாகக் கணக்கிடும் முறைகள்) பாடத்தில் எண் துண்டிப்புப் பிழைக்கு எடுத்துக்காட்டாக வரும், எதிரியின் ஏவுகணையை வானிலேயே வீழ்த்தவென்று அமெரிக்கா நிறுத்திவைத்த பேட்ரியட் ஏவுகணையின் சம்பவத்தைப் படித்த பொறியியல் மாணவர் ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது: வளைகுடாப் போரின்போது 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள் என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது, அவர்களில் பலர் ரிசர்வ் படையினர் என்று வேறோர் இடத்தில் பார்த்தேன், ரிசர்வ் என்றால் ஊரில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தானே, அவர்கள் எப்படி அங்கே போய் இறந்தார்கள், அவர்களை இப்போது யாராவது நினைக்கிறார்களா, எங்கள் துறைச் சங்கத்தில் அந்தத் தேதியில் ஒரு நிகழ்ச்சி வைத்தால் என்ன சொல்லலாம்? நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு கணக்கை விளக்குவதற்காக ஆண்டுதோறும் நாம் எடுத்தாளும் இந்த மரணங்கள் யாருடையவை, அவர்களைச் சரியாக நினைவுகூர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது.

நான் பல ஆண்டுகள் பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவன். படைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆகவே கணக்குப் பகுதியை என் தொழில் அறிவைக் கொண்டும், மற்றவற்றை அமெரிக்க அரசு வெளியிட்ட அறிக்கைகளும் பொதுப் பதிவுகளும் சொல்வதைக் கொண்டும் எழுதுகிறேன். எது ஐயமற்றது, எது இன்னும் வாதத்தில் இருப்பது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இறந்த 28 பேரில் 13 பேர் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள். 14-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் டிடாச்மென்ட் என்பது அதன் பெயர். பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்கே, பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிரீன்ஸ்பர்க் என்ற சிறு நகரம் அதன் இருப்பிடம். போருக்குச் சென்ற அந்த ரிசர்வ் பிரிவில் இருந்தவர்கள் 69 பேர். அவர்களில் 13 பேர் இறந்தார்கள், 43 பேர் காயமடைந்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஒரே இரவில், ஒரே வெடிப்பில் அடிபட்டார்கள் என்று பொருள். மீதி 15 பேர் அதே கட்டடத்தில் தங்கியிருந்த பிற பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்பதால், 28 பேரும் கிரீன்ஸ்பர்க் பிரிவினர் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. இறந்தவர்களில் மூவர் பெண்கள். அந்தப் போரில் அமெரிக்கப் படை ஒரே நிகழ்வில் சந்தித்த மிகப் பெரிய உயிரிழப்பு இதுதான். போர் முழுவதிலும் எதிரியின் தாக்குதல் உள்ளிட்ட போர்ச்செயல்களில் இறந்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 150 பேர் என்பதால், அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு கட்டடத்தில் நிகழ்ந்தது.

கிரீன்ஸ்பர்க் பிரிவினர் செய்யப் போன வேலை தண்ணீர் சுத்திகரிப்பு. ராணுவத்தில் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு என்பது உணவு, எரிபொருள், உடை, தண்ணீர் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் பிரிவு. கிரீன்ஸ்பர்க்காரர்களின் பங்குக்கு வந்தது தண்ணீர். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ அதே தத்துவத்தில், டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லும்படி செய்யப்பட்ட பெரிய இயந்திரங்களை அவர்கள் இயக்கப் பழகியிருந்தார்கள். அக்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பரவலாக இருந்த வகை மணிக்கு 600 கேலன், அதாவது 2,200 லிட்டருக்குச் சற்று மேல், நல்ல தண்ணீர் தரவல்லது. கடல் நீரையோ உவர்ப்பான கிணற்று நீரையோ உள்ளே இழுத்துக் குடிநீராக மாற்றித் தருகிற இந்த இயந்திரங்கள் இல்லாமல் பாலைவனத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்துப் போர் நடத்த முடியாது. பாடப்புத்தகத்தில் ‘28 சிப்பாய்கள்’ என்று படிக்கும் மாணவர்கள் துப்பாக்கியோடு பதுங்குகுழியில் இருந்தவர்களைக் கற்பனை செய்துகொள்வதை வகுப்பில் பலமுறை கவனித்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. புத்தகம் அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

ரிசர்வ் என்றவுடன் நம்மூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை நினைவுக்கு வரும். அது முழுநேரப் பணி. அமெரிக்க ராணுவ ரிசர்வ் அப்படியன்று. மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சிக்கு வருவார்கள். மற்ற நாட்களில் கடையிலோ தொழிற்சாலையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பார்கள், அல்லது கல்லூரியில் படிப்பார்கள். படிப்புச் செலவுக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பதற்காகச் சேருகிற இளைஞர்கள் அதில் நிறையப் பேர் உண்டு. 1980-களில் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட மேற்குப் பென்சில்வேனியாவில் அந்த உதவித்தொகைக்கும் மாதாந்தரப் படித்தொகைக்கும் இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். இந்தியாவில் இதற்கு நெருக்கமான அமைப்பு 1949-இல் தொடங்கப்பட்ட டெரிடோரியல் ஆர்மி. கிரிக்கெட் வீரர் தோனி கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பது அதில்தான்.

இப்படிப்பட்ட பகுதிநேரப் படையினரை ஏன் கடல் கடந்து அனுப்பினார்கள் என்பது நியாயமான கேள்வி. வியட்நாம் போரின் முடிவில், 1973-இல், அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை நின்றது. அதே ஆண்டு, முழுநேரப் படையையும் ரிசர்வையும் மாநிலங்களின் நேஷனல் கார்டையும் ஒரே படையாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. சண்டையிடும் பிரிவுகளைப் பெரும்பாலும் முழுநேரப் படையிலும், போக்குவரத்து, மருத்துவம், தண்ணீர் போன்ற துணைப் பணிகளில் பெரும்பங்கை ரிசர்விலும் வைத்துக்கொள்வது என்று அது அமைந்தது. அமைதிக் காலத்தில் தண்ணீர் சுத்திகரிக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது வீண் செலவு என்பது அதன் வெளிப்படையான காரணம். இன்னொரு காரணமும் அடிக்கடி சொல்லப்படுகிறது: பெரிய போர் எதற்கும் ரிசர்வை அழைத்தே ஆக வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டால், ஊர்தோறும் வீடுகளில் அதன் பாரம் தெரியும், ஆகவே எந்த அதிபரும் மக்களின் ஆதரவில்லாமல் வியட்நாம் போலொரு போருக்குள் மெல்ல நழுவிவிட முடியாது என்று அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி கிரெய்ட்டன் ஏப்ரம்ஸ் திட்டமிட்டே செய்தார் என்பார்கள். அவர் உண்மையில் அப்படி எண்ணித்தான் செய்தாரா, பின்னால் வந்தவர்கள் அப்படி விளக்கம் கொடுத்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைவில் மட்டும் வேறுபாடு இல்லை. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்த சில வாரங்களுக்குள் ரிசர்வினரை அழைக்கும் ஆணை பிறந்தது. போர் முடிவதற்குள் எல்லாப் படைகளிலுமாக 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி அழைக்கப்பட்டார்கள்.

கிரீன்ஸ்பர்க் பிரிவுக்கு அழைப்பு வந்தது 1991 ஜனவரி 15. வர்ஜீனியாவில் உள்ள ஃபோர்ட் லீயில் ஒரு மாதப் பயிற்சி முடித்து, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் சவூதி வந்து சேர்ந்தார்கள். தம்மாம், தஹ்ரான், அல்கோபார் மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் என்பது அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். புத்தகங்கள் தஹ்ரான் என்று எழுதினாலும், அவர்கள் தங்கவைக்கப்பட்டது அல்கோபார் பக்கத்தில், கிடங்காக இருந்து படைவீடாக மாற்றப்பட்ட ஒரு கட்டடத்தில். போர்முனை அங்கிருந்து வெகு தொலைவு. பிப்ரவரி 24 அன்று தரைப்படைத் தாக்குதல் தொடங்கியது. மறுநாள் திங்கட்கிழமை, இரவு எட்டரை மணியைத் தாண்டிய வேளையில், இராக்கிலிருந்து ஏவப்பட்ட அல் ஹுசைன் வகை ஸ்கட் ஏவுகணை அந்தக் கட்டடத்தின் மேல் விழுந்தது. அவர்கள் சவூதி மண்ணில் கால்வைத்து ஆறு நாட்கள்தான் ஆகியிருந்தன. 28-ஆம் தேதி போர் நிறுத்தம் வந்துவிட்டது.

இனி உங்கள் பாடப்பகுதிக்கு வருகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ் இயங்கும் பொதுக் கணக்கு அலுவலகம் 1992 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைதான் நாம் வகுப்பில் சொல்லும் கதைக்கு மூலம். பேட்ரியட்டின் கணினி, இயக்கிவிட்ட நேரத்திலிருந்து பத்தில் ஒரு வினாடிகளை முழு எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். அதை வினாடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கும். இரும எண்ணில் 0.1 முடிவில்லாமல் நீளும் பின்னம் என்பதால், 24 பிட் பதிவேட்டில் அது துண்டிக்கப்பட்டே நிற்கும். அந்தத் துண்டிப்பின் அளவு ஏறத்தாழ 0.000000095. நூறு மணி நேரத்தில் பத்தில் ஒரு வினாடிகள் 36 லட்சம், பெருக்கினால் 0.34 வினாடி. ரேடார் முதலில் ஓர் ஏவுகணையைக் கண்டதும், அடுத்து அது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வானத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் உற்றுப் பார்க்கும். நேரம் பிசகினால் அந்தப் பகுதியும் பிசகும். அறிக்கையின் அட்டவணை இந்தப் பிசகை 687 மீட்டர் என்று கொடுக்கிறது. சில பாடக்குறிப்புகளில் 570, 575 என்ற எண்களைப் பார்த்து நீங்கள் குழம்பியிருக்கலாம். ஸ்கட்டின் வேகத்தை வினாடிக்கு 1,676 மீட்டர் என்று வைத்தால் 575 வரும். 687 வர வேண்டுமானால் வேகத்தை 2,000 மீட்டர் என்று வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல். அங்கே தேடிய ரேடார் எதையும் காணவில்லை. பேட்ரியட் அந்த இரவில் ஏவப்படவே இல்லை.

இந்தக் கதையில் பெரும்பாலான வகுப்புகளில் விட்டுப்போகும் ஒரு நுணுக்கம் உண்டு. ரேடார் கணக்குக்குத் தேவைப்படுவது இரண்டு நேரங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம். இரண்டு நேரங்களும் ஒரே அளவு பிழையோடு இருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது பிழையும் ஏறக்குறைய முழுவதுமாகக் கழிந்துபோகும். பிறகு ஏன் 0.34 வினாடி நின்றது? வேகமான ஏவுகணைகளைப் பிடிப்பதற்காக மென்பொருளைத் திருத்தியபோது, நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றித் தரும் ஒரு துணைநிரல் சேர்க்கப்பட்டது. ஆனால் தேவைப்பட்ட எல்லா இடங்களிலும் அது சேர்க்கப்படவில்லை. துல்லியமான ஒரு நேரத்திலிருந்து துல்லியம் குறைந்த ஒரு நேரம் கழிக்கப்பட்டது. இதைக் கணிதவியலாளர்கள் 1992-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஆக, ‘0.1-ஐத் துண்டித்ததால் இறந்தார்கள்’ என்பது பாதி உண்மை. அரைகுறையாகச் செய்த திருத்தம் என்பது அதன் மறுபாதி. எனக்கு என்னவோ முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் வேலைக்குப் போகப்போகும் மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

அதைவிட வருத்தமானது தேதிகளின் வரிசை. பேட்ரியட் முதலில் விமானங்களை வீழ்த்தவென்று வடிவமைக்கப்பட்டது. இடம்விட்டு இடம் நகர்ந்துகொண்டே, ஓரிடத்தில் சில மணி நேரம் மட்டும் இயங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வளைகுடாவில் அதை ஒரே இடத்தில் நாள்கணக்கில் ஓடவிட்டார்கள். தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓடினாலே பார்வைப்பகுதி 20 விழுக்காடு நகர்ந்துவிடுகிறது என்று இஸ்ரேலியர்கள் கண்டுபிடித்துத் தெரிவித்தது பிப்ரவரி 11. திருத்திய மென்பொருள் வெளியானது 16. மிக நீண்ட நேரம் ஓடினால் பிசகு வரக்கூடும் என்று பேட்ரியட் பிரிவுகளுக்குச் செய்தி போனது 21. எத்தனை மணி நேரம் என்பது அதில் இல்லை. ஓரிரு நிமிடம் நிறுத்தி மறுபடி இயக்கியிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். தஹ்ரானில் இருந்த பேட்ரியட் அமைப்பு நூறு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26, அதாவது மறுநாள். கிரீன்ஸ்பர்க் பிரிவினர் அமெரிக்காவிலிருந்து சவூதிக்கு வந்ததும் அந்த மென்பொருள் புறப்பட்டதும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில்தான். ஆட்கள் முதலில் வந்துவிட்டார்கள்.

ஐயத்துக்குரியது எது என்றால், பிழை இல்லாதிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்பது. பாடக்குறிப்புகள் பிழைத்திருப்பார்கள் என்ற தொனியில்தான் எழுதுகின்றன. சரியான மென்பொருள் இருந்திருந்தால் ரேடார் ஏவுகணையைப் பின்தொடர்ந்திருக்கும் என்பது வரை சொல்லலாம். வீழ்த்தியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. 1991 பிப்ரவரி 15 அன்று அதிபர் புஷ், எதிர்கொண்ட 42 ஸ்கட்களில் 41-ஐ பேட்ரியட் வீழ்த்தியது என்று அறிவித்தார். போருக்குப் பின் ராணுவமே தன் கணக்கைக் குறைத்துக்கொண்டது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இயற்பியலாளர் தியோடர் போஸ்டல், உண்மையான வெற்றி மிக மிகக் குறைவு என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பொதுக் கணக்கு அலுவலகமும், பேட்ரியட் எதிர்கொண்டவற்றில் ஏறத்தாழ 9 விழுக்காட்டுக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது என்று 1992-இல் சொன்னது. இறந்தவர்களின் பெயரால் ஒரு கணக்குப் பிழையைக் கற்பிக்கும்போது, ‘இந்தப் பிழை இல்லையென்றால் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்’ என்று முடிப்பது கேட்பவர் மனத்தைத் தொடும். சான்றுகள் அந்த அளவுக்கு இடம் கொடுக்கவில்லை. ஏவுகணையை ஏவியது இராக் என்பதும், ஏதோ ஒரு நிரலர் தனியாகக் கொன்றுவிடவில்லை என்பதும் கூடவே சொல்லப்பட வேண்டியவை.

நினைவு பற்றிய கேள்விக்கு, ஆம், நினைக்கிறார்கள் என்பதே பதில். கிரீன்ஸ்பர்க்கில் ரிசர்வ் மையத்தை ஒட்டி 13 பேருக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 25-ஐ ஒட்டி அங்கே கூடி, ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைக்கிறார்கள். குடும்பத்தாரும், அன்று பிழைத்து வந்தவர்களும், பின்னாளில் அப்பிரிவில் சேர்ந்தவர்களும் அதற்கு வருகிறார்கள். ரிசர்வ் பிரிவின் இழப்பு ஓர் ஊரின் மேல் விழும் விதம் வேறு. முழுநேரப் படையில் ஒரு பிரிவில் இருப்பவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள். அவர்கள் குடும்பங்களும் பெரும்பாலும் படைத்தளத்தைச் சுற்றி, அதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களோடு வாழ்பவை. ரிசர்வ் பிரிவு பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆள் எடுப்பது. இறப்புச் செய்தி வரும்போது அது ஒரே வட்டாரத்துக்கு மொத்தமாக வருகிறது. அதே சமயம், அந்தத் தெருவில் படையோடு தொடர்புள்ள வீடு அது ஒன்றாக மட்டும்கூட இருக்கலாம்.

இப்படிப்பட்ட இழப்புக்கு அமெரிக்காவில் முன்னுதாரணம் வர்ஜீனியாவின் பெட்ஃபோர்ட். நேஷனல் கார்டு என்பது ரிசர்விலிருந்து வேறுபட்ட, மாநிலங்களின் கீழ் இயங்கும் அமைப்பு என்றாலும், ஊர்க்காரர்களைக் கொண்ட பகுதிநேரப் படை என்பதில் இரண்டும் ஒன்றே. ஏறத்தாழ 3,200 பேர் வாழ்ந்த அந்த ஊரின் நேஷனல் கார்டு இளைஞர்கள் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் முதல் அலையில் இறங்கினார்கள். அன்று ஒரே நாளில் இறந்த பெட்ஃபோர்ட்காரர்கள் 19 என்றும் 20 என்றும் இரண்டு கணக்குகள் உண்டு. நார்மண்டித் தரையிறக்கத்துக்கான தேசிய நினைவகம் 2001-இல் அந்தச் சிற்றூரில் எழுப்பப்பட்டதற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில், 2005-இல், ஒஹையோவின் கொலம்பஸைச் சேர்ந்த ரிசர்வ் மரீன் பிரிவான லிமா கம்பெனி, இராக்கில் 22 மரீன்களையும் உடன் சென்ற கடற்படை மருத்துவ உதவியாளர் ஒருவரையும் இழந்தது. அவர்களுக்கு ஓவியர் ஒருவர் ஆளுயரத்தில் உருவப்படங்கள் தீட்ட, அவை பல ஊர்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஒவ்வொரு படத்தின் கீழும் அவரவர் பூட்ஸ் வைக்கப்பட்டிருந்தது. சேற்றுக் கறையும் தேய்மானமும் கலையாத அந்தப் பூட்ஸ்களின் புகைப்படங்களைப் பார்த்தபின், நினைவுச்சின்னங்களில் பெரிது, சிறிது என்று நான் யோசிப்பதில்லை.

ஊரளவில் இப்படியிருக்க, நாட்டளவில் 1991 போரின் நினைவு மெலிந்துதான் போயிற்று. 43 நாட்களில் முடிந்த போர், வென்ற போர், அதன்பின் 2001-இலும் 2003-இலும் தொடங்கிய நீண்ட போர்கள் அதை மறைத்துவிட்டன. தலைநகர் வாஷிங்டனில் அதற்கென ஒரு தேசிய நினைவகம் அமைக்க 2014-இல்தான் சட்டம் வந்தது, 2022-இல்தான் பணி தொடங்கியது. அந்த இடைவெளியில் தஹ்ரானில் இறந்தவர்களை உலகம் முழுவதும் ஆண்டுதோறும் குறிப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஒருபுறம் கிரீன்ஸ்பர்க் மக்கள். மறுபுறம், வேடிக்கையாகத்தான் இருக்கிறது, எங்களைப் போன்ற நியூமெரிக்கல் மெத்தட்ஸ் ஆசிரியர்கள். அவர்கள் பெயர்களைச் சொன்னார்கள், நாங்கள் எண்ணிக்கையைச் சொன்னோம்.

நிகழ்ச்சி வைப்பது நல்ல யோசனை. நீளமாக வேண்டாம், ஒரு பாடவேளை போதும். முதலில் திரையில் சில வரி நிரல் எழுதி, 0.1-ஐ 24 பிட்டில் துண்டித்து, 36 லட்சத்தால் பெருக்கி, 0.34 வருவதை எல்லோரும் பார்க்கும்படி செய்யுங்கள். பிறகு இரண்டு நேரங்களையும் ஒரே துண்டித்த மதிப்பால் மாற்றிக் கழித்துக் காட்டுங்கள். பிழை காணாமல் போகும். அடுத்து ஒன்றை மட்டும் துல்லியமாக மாற்றிக் கழித்துக் காட்டுங்கள். பிழை திரும்பி வரும். இதைச் செய்தவர்கள் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்கள். அதன்பின், அங்கே இருந்தவர்கள் தண்ணீர் சுத்திகரிக்க வந்த பகுதிநேரப் படையினர், வந்து ஆறு நாளானவர்கள், ஒரே வட்டாரத்துக்காரர்கள் பதின்மூவர், மற்றவர்கள் வேறு பிரிவினர் என்று சொல்லுங்கள். பெயர்கள் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டவை என்பதால் தேடினால் கிடைக்கும். வாசிக்க விரும்பினால் முன்கூட்டியே உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். குடும்பத்தாரின் பக்கங்களிலிருந்து படங்களை எடுத்துப் போஸ்டரில் ஒட்ட வேண்டாம். ‘28 உயிர்களைக் குடித்த 0.1’ என்பது போன்ற தலைப்பு உங்கள் சங்கத்தில் யாருக்காவது கட்டாயம் தோன்றும். அதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

கூட்டத்தில் யாராவது எழுந்து, அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மட்டும் எதற்கு அஞ்சலி, இராக்கில் செத்தவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, முன்கூட்டியே தயாராக இருங்கள். அதே மாதம் 13-ஆம் தேதி பாக்தாத்தின் அமீரியா பகுதியில் பொதுமக்கள் ஒதுங்கியிருந்த பாதுகாப்பு அறையின் மீது அமெரிக்க விமானம் வீசிய குண்டுகளால் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை ராணுவக் கட்டுப்பாட்டு மையம் என்று நினைத்துத் தாக்கியதாக அமெரிக்கா சொன்னது. அதையும் உங்கள் நிகழ்ச்சியில் இரண்டு நிமிடம் சொல்லலாம். அங்கே குண்டு தவறவில்லை, குறி வைத்த இடத்திலேயே விழுந்தது என்பதால், பொறியியல் மாணவர்கள் பேச வேண்டிய கேள்வி அதில் இன்னொரு வகையானது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஏவுகணை விழுந்தபோது இந்தியாவில் இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது என்பதால் நம் கணக்கிலும் தேதி 25 தான். மறுநாளுக்குத் தள்ள வேண்டியதில்லை. கிரீன்ஸ்பர்க்கில் அப்போது நண்பகல் பன்னிரண்டரையைத் தாண்டிய வேளை. நீங்களும் அதையொட்டி மதிய இடைவேளைக்கு முந்திய பாடவேளையைக் கேட்டுப் பாருங்கள். துறைத்தலைவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.